சார்ஜ்: ஒரு சொல், பல சுமைகள்



சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி நம் அலுவலகத்துக்கு ஓர் ஆங்கில ஒப்பந்தத் தாளை எடுத்து வந்தார். மகன் கடைக்குக் கடனாகச் சரக்கு எடுக்கிறாராம். தாயும் கையெழுத்துப் போட வேண்டும் என்று மொத்த வியாபாரி கேட்டிருக்கிறார். "நடுவில சார்ஜ்னு வருது காக்கா. எவ்வளவு கட்டணம்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றார். படித்துப் பார்த்தேன். அது கட்டணம் அல்ல. அவர் பெயரில் உள்ள வீட்டையே கடனுக்கு ஈடாக்கும் வாசகம்.

நம் வீடுகளில் தினமும் புழங்கும் சொல் இது. போனில் சார்ஜ் இல்லை என்கிறோம். பஸ் சார்ஜ் கூடிவிட்டது என்கிறோம். ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்? இலத்தீனில் வண்டிக்குக் 'கார்ரஸ்' என்று பெயர். அதிலிருந்து, வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறிக்கும் வினைச்சொல் பிறந்தது. அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'சார்ஜ்' ஆனது. கார், கார்கோ என்பவையும் அதே வேரிலிருந்து வந்தவைதான். ஆகவே இந்தச் சொல்லை எங்கே கண்டாலும், "யார் மீது என்ன சுமை ஏறுகிறது?" என்று கேளுங்கள். பொருள் பிடிபட்டுவிடும்.

பேட்டரியில் ஏறுவது மின்சாரம். பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்றால் நம் மீது ஏறுவது பணம். 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்' என்றால் இலவசம். 'இன்சார்ஜ்' என்பவர் மீது ஏறியிருப்பது பொறுப்பு. நம் வழக்கில் சொன்னால் அமானிதம்.

காவல் நிலையத்தில் இச்சொல்லின் பொருள் வேறு. விசாரணை முடிந்ததும் போலீசார் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது 'சார்ஜ் ஷீட்', அதாவது குற்றப்பத்திரிகை. அது தீர்ப்பு அல்ல. பெயர் அதில் வந்ததாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்திலும், பழைய சட்டத்தைப் போலவே, கைதானவர் காவலில் இருக்கும்போது 60 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய கடும் குற்றங்களுக்கு 90 நாட்கள். தவறினால் ஜாமீன் கேட்பது அவரது உரிமை. சில தனிச் சட்டங்களில் இந்தக் கெடு மாறும். குற்றப்பத்திரிகையின் நகலை அவருக்கு இலவசமாகத் தர வேண்டும்.

இனி சொத்து. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 100ஆவது பிரிவு இந்தச் 'சார்ஜ்' பற்றிப் பேசுகிறது. வீடு உங்கள் பெயரிலேயே இருக்கும், நீங்களே குடியிருக்கலாம். ஆனால் கடன் அடைபடாவிட்டால், வீட்டை விற்றுத் தன் பணத்தைத் தரும்படி கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தை நாடலாம். பத்திரம் பதிவானால் வில்லங்கச் சான்றிதழிலும் அது தெரியும். கடனை அடைத்த பிறகு, அதை நீக்கும் பத்திரத்தையும் கேட்டு வாங்கிப் பதிவு செய்யுங்கள்.

'டிஸ்சார்ஜ்' என்றால் சுமை இறங்குகிறது என்று பொருள். மருத்துவமனையில் நோயாளி வீடு திரும்புவது டிஸ்சார்ஜ். கடன் தீர்வதும் டிஸ்சார்ஜ். வழக்கை நடத்தப் போதிய முகாந்திரம் இல்லை என்று விசாரணை தொடங்கும் முன்பே நீதிமன்றம் விடுவிப்பதும் டிஸ்சார்ஜ்தான். முழு விசாரணைக்குப் பின் வரும் விடுதலைத் தீர்ப்பு வேறு.

அந்தச் சகோதரி அன்று கையெழுத்துப் போடவில்லை. மகனை அழைத்துப் பேசினார். மகனுக்கும் அந்த வரி புரிந்திருக்கவில்லை. கையில் உள்ள ரொக்கத்துக்கு மட்டும் சரக்கு எடுப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள். கடை சிறிதாகத்தான் நடக்கிறது. வீடு வீடாகவே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "வெறும் ஃபார்மாலிட்டிதான்" என்று யார் சொன்னாலும் ஒரு நாள் தவணை கேளுங்கள். அஸருக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும்; தாளைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். வழக்கு, சொத்து விவகாரம் என்றால் வழக்கறிஞரிடமும் காட்டிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்