தொட்டியில் மாதுளை வளர்த்தல்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் சுண்ணாம்பு கலந்த நிலங்கள் பல உள. கோடை வெயிலும் கடுமையானது. இவ்விரண்டையும் தாங்கவல்ல கனிச்செடி மாதுளையாகும். கிணறு வற்றுங் காலத்தும் வீட்டு மாடியில் இதனைத் தொட்டியிலிட்டுச் சிறிதளவு ஜலங்கொண்டே காப்பாற்றலாம்.

1936-ல் புனாவில் டாக்டர் சீமா அவர்கள் தெரிந்தெடுத்த கணேஷ் ரகம் மெல்லிய விதையுடையது. முற்றிய குச்சியைச் சாண் நீளம் நறுக்கி வேரூன்றச் செய்து, முழ அகலமும் ஆழமும் உள்ள தொட்டியில் நடுதல் வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழுவெரு ஆகியவை சமபாகமாகுக. அடித்துளையின்மேல் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைக்க; துளை அடைபடின் ஜலம் தேங்கி வேர் அழுகும்.

காய் பிடித்தபின் ஜலத்தை ஒரே சீராக விடுதல் அவசியம். பல நாள் காயவிட்டுப் பின் மிகுதியாக ஊற்றினால் பழம் வெடித்துவிடும். பிஞ்சின்மீது வண்ணத்துப்பூச்சி இடும் முட்டையினின்று வரும் புழு காயைத் துளைக்கும். ஆதலால் பிஞ்சுகளுக்குத் துணிப்பை கட்டுக. துளைபட்டவற்றைப் பறித்து அழித்திடுக.