தந்தை பாடும் பாட்டு

தாலாட்டு என்றவுடன் நம் நினைவில் எழுவது தாயின் குரலே. தொட்டிலின் அருகே தந்தையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விடியுமுன் வேலைக்குச் செல்பவர், மாலையில் களைத்துத் திரும்புபவர், தவறு கண்டால் கண்டிப்பவர் என்ற அளவிலேயே பிள்ளைகள் பலர் தந்தையை அறிந்திருக்கின்றனர். தந்தையின் உள்ளத்தைச் சொல்லும் பாட்டு தமிழில் இல்லையா? உண்டு, ஈராயிரம் ஆண்டுகளாக உண்டு. அவற்றுள் சிலவற்றை மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாலாட்டில் தந்தை எங்கே?

'தால்' என்பது நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் அது தாலாட்டு எனப் பெயர் பெற்றது. நாட்டுப்புறத் தாலாட்டுகளைக் கூர்ந்து கேட்டால் அவற்றில் தாய்மாமன் புகழே மிகுதியாக இருக்கும். மாமன் கொண்டுவந்த சீரும் பொன்னும் பாட்டில் வரிசையாக வரும். தந்தையோ ஓரத்தில் நிற்பார். பாடுபவள் தாய், கணவன் பெயரைச் சொல்லாதது அக்கால வழக்கம், பிறந்த வீட்டின் பெருமையைச் சொல்வது அவளுக்கு இனிமை. ஆகவே தந்தையின் அன்பை அறிய நாம் தொட்டிலை விட்டு வேறு பாட்டுகளைத் தேடவேண்டும்.

சங்கச் சான்றோர் கண்ட தந்தை

புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் என்னும் பெண்பாற் புலவர், குடும்பத்திலும் நாட்டிலும் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமையை வகுத்துக் கூறுகிறார். பெற்றுப் புறந்தருவது தாயின் கடமை. பிள்ளையைச் சான்றோன் ஆக்குவது தந்தையின் கடமை என்கிறார் அவர். திருக்குறளில் மக்கட்பேறு என்னும் 7ஆம் அதிகாரமும் இதே கருத்தை வலியுறுத்துகிறது. கற்றோர் அவையில் முன்னிற்கும்படி மகனை ஆக்குவதே தந்தை செய்யும் உதவி என்று வள்ளுவர் கூறுகிறார். கல்வியே தந்தை தரும் முதற்சொத்து என்பதை இதனால் அறியலாம்.

ஆனால் தந்தைமை கடமையோடு முடிந்துவிடவில்லை. புறநானூற்றின் 188ஆம் பாட்டைப் பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி என்னும் அரசன். பலரோடு கூடி உண்ணும் பெருஞ்செல்வன் அவன். எனினும் அவன் பாட்டில் அரண்மனை இல்லை, யானை இல்லை, வெற்றியும் இல்லை. ஒரு சிறு குழந்தை குறுகக் குறுக நடந்து வருகிறது. உண்கலத்திற் கையை நீட்டுகிறது. நெய்ச்சோற்றை எடுக்கிறது, கீழே இடுகிறது, கடிக்கிறது, துழாவுகிறது, உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. இத்தகைய மக்கள் இல்லாதவர்க்கு வாழ்நாளால் பயனே இல்லை என்று அரசன் முடிக்கிறான். சோற்றைச் சிந்துகிறாயா என்று அவன் அதட்டவில்லை. பிள்ளையை அருகிருந்து கண்டு மகிழ்ந்த தந்தையின் பாட்டு இது.

இதற்கு நேர்மாறானது 112ஆம் பாட்டு. மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டுப் பாரி வள்ளல் மாண்ட பிறகு, அவன் மகளிர் இருவரும் பாடியது அது. சென்ற மாத நிலவொளியில் தந்தையும் இருந்தான், குன்றும் இருந்தது. இம்மாத நிலவொளியில் இரண்டும் இல்லை என்பதே அதன் பொருள். நிலவு மாறவில்லை, அதன் கீழிருந்த வீடு மாறிவிட்டது. சில அடிகளே கொண்ட அப்பாட்டைப் படித்துக் கலங்காத பிள்ளைகள் இல்லை.

ஜாலான் புசார் வட்டாரத்தில்

இனிச் சிங்கப்பூருக்குச் செல்வோம். ஜாலான் புசார் என்றால் மலாய் மொழியில் பெருஞ்சாலை என்று பொருள். அதற்கு அணித்தே சிராங்கூன் சாலையும் தேக்காவும் உள்ளன. பொருள் வாங்கவும் உற்றாரைக் காணவும் நம்மவர் சென்றுவரும் இடம் அது. தந்தையரைப் பற்றிய பாட்டுகள் பல அங்கே அடுத்தடுத்து வாழ்கின்றன.

சிராங்கூன் சாலையிலுள்ள சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்துதான் தைப்பூசக் காவடிகள் புறப்படுகின்றன. பெருமாள் கோயில்களில் ஓதப்பெறும் பாசுரங்களைத் தந்த ஆழ்வார்களுள் பெரியாழ்வார் ஒருவர். திருவில்லிபுத்தூரில் துளசித் தோட்டத்தில் கிடைத்த ஆண்டாளை எடுத்து வளர்த்த தந்தை அவர். ஆயினும் அவர் தந்தையாக நின்று பாடவில்லை. தம்மை யசோதையாக எண்ணிக்கொண்டு கண்ணனைத் தாலாட்டினார், நீராட்ட அழைத்தார், பூச்சூட்டினார், நிலவை வாவென்று கூவினார். பிற்காலத்தில் பத்துப் பருவங்களாக வளர்ந்த பிள்ளைத்தமிழுக்கு அப்பாசுரங்களே வித்து என்பர். கொஞ்சுவதற்கு ஓர் ஆண்மகன் தாயின் குரலைக் கடன் வாங்க வேண்டியிருந்தது!

குலசேகர ஆழ்வாரோ தந்தையின் குரலிலேயே பாடினார். அவருடைய பெருமாள் திருமொழியில் 8ஆம் திருமொழி இராமனுக்குக் கோசலை பாடும் தாலாட்டு. 9ஆம் திருமொழி இராமன் காடு சென்ற பின் தசரதன் புலம்பும் புலம்பல். தாய் பிள்ளையை மடியில் வைத்துப் பாடுகிறாள். தந்தை பிள்ளை போன பிறகு பாடுகிறான். அடுத்தடுத்து அமைந்த இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தந்தையின் அன்பு பெரும்பாலும் பிரிவு வந்த பின்னரே வாய் திறக்கிறது.

அதே வட்டாரத்தில் பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் இருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் எட்டயபுரத்தில் வாழ்ந்தவர். நபிகள் நாயகம் தம் அருமை மகள் பாத்திமாவை அலிக்கு மணமுடித்துக் கொடுத்ததை அக்காப்பியத்தில் ஒரு படலமாகவே பாடியுள்ளார்.

1882இல் அதே எட்டயபுரத்திற் பிறந்தவர் பாரதியார். தம் இளமையைக் கூறும் தன்வரலாற்றுப் பாட்டில், தந்தையின் கண்டிப்பால் தெருப் பிள்ளைகளோடு ஆடிக் களிக்க இயலாமற் போனதை அவர் மறைக்கவில்லை; அத்தந்தை பொருளிழந்து நொந்ததையும் மறக்கவில்லை. 1917இல் நூலாக வெளிவந்த கண்ணன் பாட்டில் கண்ணனைத் தந்தையாகப் பாடினார். கண்ணம்மாவைக் குழந்தையாகவும் பாடினார். இரண்டு பெண்மக்களின் தந்தையான அவருக்குக் கொஞ்சுவதற்குத் தாயின் வேடம் தேவைப்படவில்லை. பாரதிதாசனாரும் ஆண் குழந்தைக்கு ஒன்றும் பெண் குழந்தைக்கு ஒன்றுமாகத் தாலாட்டு இயற்றி, இருபாலாரும் நிகரெனக் காட்டினார்.

கடல் கடந்த தந்தையர்

தேக்காவின் கடைத்தெருவில் திரைப்பாடல்களும் ஒலிக்கும். அவற்றுள் இரண்டைப் பற்றி மட்டும் கூறுவோம். 2013இல் வெளிவந்த 'தங்க மீன்கள்' படத்தில், மகளின் பள்ளிக் கட்டணத்திற்காக ஒரு தந்தை ஊரைவிட்டு வெளியூருக்கு வேலைக்குச் செல்கிறான். அப்படத்தில் தந்தையும் மகளும் மகிழ்ந்திருக்கும் பாட்டை எழுதிய நா. முத்துக்குமாருக்கு இந்திய அரசின் தேசிய விருது கிடைத்தது. 2019இல் வெளிவந்த 'விஸ்வாசம்' படத்தில் மகளைப் பிரிந்த தந்தையின் பாட்டை எழுதியவர் தாமரை என்னும் பெண் கவிஞர். அன்று ஓர் ஆடவர் தாயின் குரலிற் பாடினார். இன்று ஒரு பெண்மணி தந்தையின் குரலில் எழுதுகிறார். அன்புக்கு ஆண், பெண் என்ற வேலி இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இப்பாட்டுகள் அத்தெருக்களில் ஒலிக்கும்போது தனிப்பொருள் பெறுகின்றன. முற்காலத்திற் சிங்கப்பூருக்கு வந்த தமிழருள் ஆடவரே மிகுதி. மனைவி மக்கள் ஊரில் இருந்தனர். மாதங்கள் கழித்து வரும் கடிதமே அவர்களுக்குப் பிள்ளையின் முகம். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்விடத்தைச் சென்று பார்த்தால், தமிழகத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளந்தந்தையர் கைபேசித் திரையில் தம் பிள்ளைகளோடு பேசுவதைக் காணலாம். நடை பழகும் பருவத்தையும் மழலையையும் திரையிலேயே காணவேண்டிய நிலை அவர்களுடையது. பாண்டிய மன்னன் உண்கலத்தருகே கண்ட காட்சி அவர்களுக்கு ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறைதான் வாய்க்கும்.

நம் தோட்டத்திற்கு

இதனை நாம் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் தோட்டத்துத் தந்தையருள் பலர் பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைக்கின்றனர். சிலர் விடியற்காலை ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று, பிள்ளைகள் உறங்கிய பின் வீடு திரும்புகின்றனர். உழைப்பே அவர்களது அன்பு என்பதை நாம் அறிவோம். ஆனால் சிறு பிள்ளைக்கு அது தெரியாது. பிள்ளைக்குத் தெரிவது குரல் ஒன்றே.

ஆகவே தந்தையர்க்கு எம் வேண்டுகோள் இது. இராகம் தெரியவேண்டியதில்லை, குரல்வளமும் வேண்டியதில்லை. வாரத்தில் ஓரிரவேனும் பிள்ளையை அருகில் அமர்த்தி நீங்கள் அறிந்த பாட்டொன்றைப் பாடுங்கள். வெளியூரில் இருப்போர் கைபேசியிற் பாடுங்கள். தேர்வில் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன் ஒரு பாட்டுப் பாடினால், பிள்ளை தானே வாய் திறந்து பேசும். சந்தமும் சொல்லும் தமிழும் அதனுடன் சேர்ந்தே பிள்ளையின் நாவில் ஏறும்.

மாணவர்களே! உங்கள் தந்தையிடம், அவர் சிறுவராயிருந்தபோது கேட்ட பாட்டு எது என்று கேளுங்கள். அதனை ஏட்டில் எழுதி, அதைப் பாடியவர் யார், எந்த ஊர், எந்தத் தோட்டம் என்பதையும் குறித்து வையுங்கள். பள்ளிக்குக் கொண்டுவந்து வகுப்பிற் பாடிக் காட்டுங்கள்.

தசரதன் பிரிந்த பின் பாடினான். பாரி மகளிர் இழந்த பின் பாடினர். அறிவுடை நம்பி மட்டும் பிள்ளை அருகிருக்கும்போதே பாடினான். நம் தோட்டத்துத் தந்தையர் அம்மன்னனின் வழியைப் பின்பற்றுவார்களாக.