தரையில் மட்டும் இழுக்க வேண்டிய லீவர்

வானத்து விசாரணைகள் – 17

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ சேலத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஏடிஆர் விமானத்தில் போய் இறங்கியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். சக்கரம் தரையைத் தொட்ட சற்று நேரத்தில் புரொப்பெல்லரின் ரீங்காரம் உறுமலாக மாறும். உடம்பு தானாக முன்பக்கம் சாயும். நீளம் குறைந்த ஓடுபாதையில் அந்த உறுமல் பிரேக்குக்குப் பெரிய துணை. விமானி செய்தது ஒன்றுதான்: பவர் லீவரை ஒரு தடையைத் தாண்டிப் பின்னுக்கு இழுத்தார்.

அதையே பத்தாயிரம் அடி உயரத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

ஏடிஆர், டாஷ் 8 போன்ற டர்போபுராப் விமானங்களில் ஒவ்வோர் எஞ்சினுக்கும் இரண்டு லீவர்கள் உண்டு. ஒன்று பவர் லீவர், மற்றது கண்டிஷன் லீவர். இரண்டாவதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்வோம். பவர் லீவரை முன்னே தள்ளினால் சக்தி கூடும், பின்னே இழுத்தால் குறையும். இழுத்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் முட்டி நிற்கும். அந்த இடத்துக்கு ஃபிளைட் ஐடில் என்று பெயர். பறக்கும்போது இதுதான் கடைசி. ஆனால் லீவரின் பாதை அங்கே முடிவதில்லை. லீவரிலேயே உள்ள ஒரு சிறு விசையை விரலால் தூக்கிப் பிடித்தால், தடையைத் தாண்டி இன்னும் பின்னே வரும். அது தரைக்கென்றே ஒதுக்கிய பகுதி. விமானிகள் அதை பீட்டா என்பார்கள். அதன் கடைக்கோடியில் இருப்பது ரிவர்ஸ்.

தடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு உலகம். பறக்கும்போது புரொப்பெல்லரின் வேகத்தை ஒரு கவர்னர் பார்த்துக்கொள்கிறது. வேகம் கூடினால் பிளேடுகளைத் திருப்பிச் சுமையை ஏற்றும், குறைந்தால் சுமையை இறக்கும். தடைக்குப் பின்னால் போய்விட்டால் பிளேடு எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை லீவரே நேரடியாகத் தீர்மானிக்கிறது. கோணம் குறையக் குறைய பிளேடுகள் காற்றுக்குத் தங்கள் முழு அகலத்தையும் காட்டுகின்றன. ஓடும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கையின் விளிம்பைக் காட்டினால் காற்று வழுக்கிப் போகும், உள்ளங்கையைக் காட்டினால் பின்னுக்குத் தள்ளும். இங்கே அந்தக் கை ஏறக்குறைய நான்கு மீட்டர் விட்டமுள்ள வட்டம். பஸ்ஸுக்குப் பதிலாக மணிக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல் பாயும் விமானம்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை, வேகம் குறையும் என்று விட்டுவிடலாம். ஆனால் எதிர்க்காற்று அந்த பிளேடுகளைத் தானே சுழற்றத் தொடங்கிவிடும். இதுவரை எஞ்சின் புரொப்பெல்லரைச் சுழற்றியது; இப்போது புரொப்பெல்லர் எஞ்சினை இழுத்துக்கொண்டு ஓடும். தாங்கும் வேகத்தையும் தாண்டி ஓடினால் எஞ்சினின் உள்ளுறுப்புகள் நொறுங்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் மாறாவிட்டால் விமானம் ஒரு பக்கமாகத் திரும்பும். வாலுக்குப் போக வேண்டிய காற்றும் கலைந்துவிடுவதால் கட்டுப்பாடு கைவிட்டுப் போகும்.

இதற்கான விதி மிகச் சிறியது. பறக்கும்போது பவர் லீவரை ஃபிளைட் ஐடிலுக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் விமானம் கட்டுப்பாட்டை இழக்கலாம், அல்லது புரொப்பெல்லர் எல்லை மீறிச் சுழன்று எஞ்சின் சக்தி போகலாம். 1990களின் பிற்பகுதியில் பல டர்போபுராப் ரகங்களின் கையேடுகளில் இந்தப் பொருள்பட எழுதிச் சேர்க்கும்படி அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ உத்தரவிட்டது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1994 பிப்ரவரி 1 அன்று லூசியானா மாநிலத்தில் சிம்மன்ஸ் ஏர்லைன்ஸின் சாப் 340 விமானம் கீழிறங்கிக்கொண்டிருந்தபோது லீவர்கள் தடையைத் தாண்டிப் பின்னே போயின. இரண்டு எஞ்சின்களும் நின்றன. அருகில் ஒரு சிறு விமானத் தளம் இருந்ததால் மிதந்தே போய் அதில் இறக்கினார்கள். யாரும் சாகவில்லை.

பயிற்சி பெற்ற ஒரு விமானி ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? பெரும்பாலும் ஒரே சூழ்நிலைதான். விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட மேலே இருக்கிறது, அல்லது வேகமாக வருகிறது. ஓடுபாதை நெருங்குகிறது. கைக்கடியில் அருமையான பிரேக் ஒன்று இருக்கிறது என்பது கைக்குத் தெரியும். தினமும் தரையில் அதைப் பயன்படுத்திய கை அல்லவா? போதாக்குறைக்கு, பிலாட்டஸ் போர்ட்டர் போன்ற சில சிறு விமானங்களில் பறக்கும்போதே பீட்டாவைப் பயன்படுத்திச் செங்குத்தாக இறங்க முடியும். அவை அதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. மற்ற நேரங்களில் ஆசைகூடக் காரணமில்லை. விரல் அந்த விசைமேல் இருந்த பாட்டுக்கு லீவர் பின்னே வந்துவிடும்.

இரண்டு விபத்துகளைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ஒன்றில் பூட்டு இருந்தது, ஆனால் திறந்துகொண்டது. மற்றொன்றில் பூட்டே இல்லை.

2002 நவம்பர் 6, காலை. பெர்லினிலிருந்து லக்ஸம்பர்க் நகருக்கு லக்ஸ்ஏர் நிறுவனத்தின் ஃபோக்கர் 50 டர்போபுராப் விமானம் வந்துகொண்டிருந்தது. உள்ளே பயணிகளும் சிப்பந்திகளுமாக 22 பேர். விமான நிலையத்தில் மூடுபனி. தரையிறங்க 300 மீட்டர் தூரமாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், தெரியவில்லை. காத்திருக்கப் போகிறோம் என்ற எண்ணத்தில் இருந்தவர்களுக்குத் திடீரென்று இறங்க அனுமதி கிடைத்தது. மனத்தளவில் அவர்கள் அதற்குத் தயாராகவில்லை. நிலைமை சரியாகாவிட்டால் மேலே ஏறிவிடலாம் என்று கேப்டன் முடிவு செய்தார். அந்த முடிவைச் சொன்ன கொஞ்ச நேரத்தில் 300 மீட்டர் தெரிகிறது என்ற செய்தி வந்தது. கேப்டன் மனத்தை மாற்றிக்கொண்டார். அதற்குள் விமானம் இறங்குபாதைக்கு மேலே போய்விட்டிருந்தது.

உயரத்தைக் குறைக்க வேண்டும். விசை தூக்கப்பட்டது, லீவர்கள் தடையைத் தாண்டின. விதி மீறப்பட்ட இடம் இதுதான். ஆனால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் ஃபோக்கர் 50இல் இரண்டாவது தடை ஒன்று உண்டு. விமானி என்ன செய்தாலும், சக்கரம் தரையில் உருளும்வரை புரொப்பெல்லரை ஃபிளைட் ஐடிலுக்குக் கீழே விடாத மின்சாரப் பூட்டு அது. அந்த நேரத்தில் விமானி சக்கரங்களை இறக்கினார். சக்கரங்கள் இறங்கி மாட்டிக்கொண்டதும், பிரேக் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின்சாரம் வந்தது. உயிர்பெறும் அந்தக் கணத்தில் அது ஒரு பொய்ச் செய்தியைத் தந்தது: சக்கரம் சுழல்கிறது. சக்கரம் சுழன்றால் தரையில் இருக்கிறோம் என்றுதான் பொருள். பூட்டு 16 விநாடிகளுக்குத் திறந்தது. லீவர்கள் ஏற்கெனவே பின்னே இருந்தன. புரொப்பெல்லர்கள் ரிவர்ஸுக்குப் போயின. மீட்க முயன்றும் பயனில்லை. இரண்டு எஞ்சின்களும் நின்று, ஓடுபாதைக்குச் சில கிலோமீட்டர் முன்னால் வயலில் விழுந்தது விமானம். 20 பேர் இறந்தார்கள். பிழைத்த இருவரில் கேப்டனும் ஒருவர்.

அந்தப் பெட்டியில் இப்படி ஒரு கோளாறு உண்டு என்பது தயாரிப்பாளர்களுக்கு முன்பே தெரியும். திருத்திய பெட்டியும் கிடைத்தது. விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம் என்ற அளவில் சுற்றறிக்கை போனது. விரும்பாவிட்டால்? விமானி லீவரை ஃபிளைட் ஐடிலுக்குக் கீழே கொண்டுபோக மாட்டார், விதிதான் இருக்கிறதே என்ற நம்பிக்கை. பூட்டு எதற்காக வைக்கப்பட்டதோ, அந்த விதிமீறல் நடக்காது என்பதையே பூட்டைப் பழுதுபார்க்காததற்கும் காரணமாக வைத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த விபத்தில் மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான். லக்ஸம்பர்க் நீதிமன்றத்தில் விமானியோடு நிறுவனத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்களும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். 2012இல் வந்த தீர்ப்பில் கேப்டனுக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது.

பூட்டே இல்லாத விபத்துக்குப் போகுமுன் இன்னொரு ஃபோக்கர் 50ஐயும் சொல்லிவிடுகிறேன். 2004 பிப்ரவரி 10 அன்று ஈரானின் கீஷ் தீவிலிருந்து ஷார்ஜாவுக்குப் போன கீஷ் ஏர் விமானத்திலும் இறங்கும் நேரத்தில் லீவர்கள் தரைப் பகுதிக்குப் போயின. 46 பேரில் 43 பேர் மாண்டார்கள்.

இனி பப்புவா நியூ கினி. மலைகளும் காடுகளும் ஊர்களைப் பிரித்துப் போட்டிருக்கும் அந்த நாட்டில் விமானம்தான் பஸ். 2011 அக்டோபர் 13 மாலை, லே நகரிலிருந்து மடாங் நகருக்கு ஏர்லைன்ஸ் பிஎன்ஜியின் டாஷ் 8 புறப்பட்டது. மொத்தம் 32 பேர். பயணிகளில் பெரும்பாலோர் மடாங்கிலுள்ள டிவைன் வேர்ட் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போய்க்கொண்டிருந்த பெற்றோர். மடாங் பக்கம் மழை மேகம். அதைச் சுற்றிக்கொண்டு போனதில் இறங்கத் தொடங்கத் தாமதமாயிற்று. ஆகவே மூக்கைத் தாழ்த்தி வேகமாக இறங்கினார்கள். வேகம் உச்சவரம்பை நெருங்கியது. கேப்டன் பவர் லீவர்களைப் பின்னுக்கு இழுத்தார். அவை ஃபிளைட் ஐடில் தடையைத் தாண்டிப் போய்விட்டன.

இரண்டு புரொப்பெல்லர்களும் ஒரே நேரத்தில் வெறிபிடித்துச் சுழன்றன. அனுமதிக்கப்பட்ட வேகத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல். சத்தத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழவில்லை. காக்பிட்டிலும் பயணிகள் பகுதியிலும் புகை. இடது எஞ்சின் சிதைந்தது. வலது புரொப்பெல்லர், அதன் கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்த வேறொரு கோளாறால், விமானி கேட்காமலே, பிளேடுகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டி நிற்கும் ஃபெதர் நிலைக்குப் போய்விட்டது. சக்தி என்று எதுவும் மிச்சமில்லை. மடாங்குக்குத் தென்கிழக்கே சுமார் 33 கிலோமீட்டரில், இறக்கையின் ஃபிளாப்பும் சக்கரமும் இறக்கப்படாமலே, மரங்கள் அடர்ந்த ஆற்றோரத்தில் விமானம் விழுந்து தீப்பற்றியது. 29 பயணிகளில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். இரண்டு விமானிகளும் விமானப் பணிப்பெண்ணும் உயிர்தப்பினார்கள்.

டாஷ் 8 விமானத்துக்கு பீட்டா லாக்-அவுட் என்றொரு பூட்டு அப்போதே இருந்தது. பறக்கும்போது லீவர் எவ்வளவு பின்னே போனாலும் புரொப்பெல்லர் தரைக் கோணத்துக்குப் போகாதபடி அது தடுத்துவிடும். டாஷ் 8 விமானங்களில் இதே தவறு முன்பும் நடந்திருந்ததால், அமெரிக்காவில் பறப்பவற்றுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். விமானத்தைத் தயாரித்த கனடாவோ மற்ற நாடுகளோ அப்படிச் செய்யவில்லை. ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு விமானங்கள். ஒன்று ஒஹாயோவுக்கு மேலே பூட்டோடு பறந்தது, மற்றொன்று லேயிலிருந்து பூட்டில்லாமல் பறந்தது. பட்டமளிப்பு விழாவுக்குப் போன பெற்றோரில் யாருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை.

பொறியாளர்கள் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். பூட்டு போடுவது எளிது. வேண்டிய நேரத்தில் அது திறக்கவும் வேண்டும். தரையிறங்கியதும் பீட்டா கிடைக்காமல் போனால் சிறிய ஓடுபாதையில் விமானம் கடைசிவரை ஓடி வெளியே போய்விடும். மழையில் நனைந்த ஓடுபாதையில் சக்கரம் சுழலாமல் வழுக்கலாம். அப்போது ‘சக்கரம் சுழல்கிறதா’ என்ற ஒரே கேள்வியை நம்பிய பூட்டு திறக்காது. ஆகவே எந்தக் குறியை நம்புவது என்பதில் தயக்கம் நியாயமானதே. ஏடிஆரில் சக்கரக் கால் எடையால் அமுங்கினால்தான் தடை விலகும். விலகாவிட்டால் விளக்கு எரிந்து காட்டும். எதை நம்புவது என்று யோசிக்கலாம். பூட்டே வேண்டாம், கையேட்டில் எழுதிவிட்டோம் என்று இருப்பதற்கு மட்டும் நியாயமில்லை. விமானம் மேகத்தில் குலுங்கும்போது, வேக எச்சரிக்கை அலறும்போது, கை கையேட்டைக் கேட்டுக்கொண்டு நகர்வதில்லை.

இப்படிச் சொல்வதால் விமானிகளை விடுவித்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். லக்ஸம்பர்க்கில் மேலே ஏறியிருக்கலாம். மடாங்கில் முன்கூட்டியே இறங்கத் தொடங்கியிருக்கலாம், அல்லது மூக்கைத் தூக்கியிருந்தால் வேகம் தானே குறைந்திருக்கும். உயரம் மிஞ்சிப்போன விமானத்துக்கு இன்னொரு சுற்று போவதுதான் மருந்து என்று முதல் வருடமே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் ‘விமானியின் பிழை’ என்று எழுதி அறிக்கையை மூடினால் அடுத்த விமானத்தின் லீவரில் ஒரு மாற்றமும் வராது. பப்புவா நியூ கினியின் விபத்து விசாரணை ஆணையம் அப்படி மூடவில்லை என்பது அதன் பெருமை. பூட்டு இல்லாத டாஷ் 8 விமானங்கள் உலகமெங்கும் பறப்பதை அது விடாமல் சுட்டிக்காட்டியது. 2013இல் கனடா போக்குவரத்துத் துறை டாஷ் 8-100, 200, 300 ரகங்கள் அனைத்துக்கும், எந்த நாட்டில் பறந்தாலும், பீட்டா பூட்டைக் கட்டாயமாக்கி உத்தரவிட்டது.

அடுத்த வாரம், ஒதுக்கிவைத்த கண்டிஷன் லீவர். 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் போக்ராவில் எட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72 இறங்கவிருந்தபோது, ஃபிளாப் லீவரை நகர்த்துவதாக எண்ணி இரண்டு கண்டிஷன் லீவர்களையும் ஃபெதர் நிலைக்கு இழுத்துவிட்டார்கள். விமானத்தில் இருந்த 72 பேரும் இறந்தார்கள்.