மலைக்குத் திரும்பி வராத மருத்துவ ஏடு

வேலைக்குச் சேர வருகிறவரை எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, கண்ணைச் சோதித்து, 'உடற்தகுதி உள்ளவர்' என்று ஒரு தாளில் முத்திரை குத்தி உள்ளே அனுப்புகிறார்கள். தொழில்சார் மருத்துவப் பரிசோதனை என்றால் இவ்வளவுதான் என்றே தொழிலாளர்கள் நினைக்கிறார்கள். நிர்வாகங்களில் பலவும் அப்படித்தான் நினைக்கின்றன. அந்தத் தாளால் பயன் முதலாளிக்கு. தொழிலாளிக்கு வேண்டியவை எண்கள். வேலையில் கை வைப்பதற்கு முன் நுரையீரலும் காதும் ரத்தமும் எப்படி இருந்தன, ஓராண்டு கழித்து எப்படி இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய எண்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பருவம் பார்த்துக் கேரள, கர்நாடகத் தோட்டங்களுக்கும் நூற்பாலைகளுக்கும் கட்டட வேலைக்கும் கிளம்புகிறவர்களின் கையில் இந்த எண்கள் இருப்பதில்லை. பரிசோதனை நடந்திருந்தாலும் அதன் ஏடு வேலைத்தலத்திலேயே தங்கிவிடுகிறது. சட்டமும் நடைமுறையும் ஆலை வாசலை மையமாக வைத்தே அமைந்திருக்கின்றன. ஊர் ஊராக வேலை மாறுகிற மக்களுக்கு அந்த ஏற்பாடு பாதிதான் பயன்படும்; ஏடு அவர்களோடு ஊர் திரும்பினால்தான் மீதியும் பயன்படும்.

முறையாக நடக்கும் பரிசோதனை கேள்வியில் தொடங்கும். இதற்கு முன் எங்கே, என்ன வேலை, எத்தனை ஆண்டுகள். தூசியா, இரைச்சலா, மருந்து தெளிப்பா, வெயிலா? இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700-இல் வெளியிட்ட நூலிலேயே, நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலைக் கேட்கும்படி மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டார். 'கூலி' என்று ஒரே சொல்லில் எழுதி முடித்தால் அந்தக் கேள்வியைக் கேட்காததற்குச் சமம். அதன்பின் வரும் சோதனைகளை வேலைதான் தீர்மானிக்க வேண்டும். கல் உடைக்கும் இடத்திலும் பஞ்சுத் தூசியிலும் இருப்பவருக்கு, மூச்சை முழுதாக இழுத்துக் குழாய்க்குள் வேகமாக ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளப்பார்கள். ஒரு முறை ஊதினால் போதாது. குறைந்தது மூன்று முறையாவது சரியாக ஊதினால்தான் அளவை நம்ப முடியும். கல்தூசி என்றால் மார்பு எக்ஸ்ரேயும் வேண்டும். தறி இரைச்சலில் நிற்பவருக்குக் கேட்கும் திறன் சோதனை; இதற்கு வேலை முடிந்த கையோடு போகக்கூடாது. இரைச்சலால் தற்காலிகமாக மந்தமான காது அப்போது பொய் சொல்லும். இரவு முழுதும் ஓய்ந்த பின், வேலை தொடங்கும் முன் போக வேண்டும். வெயிலில் நாள் முழுக்க உழைப்பவருக்குச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ரத்த, சிறுநீர்ச் சோதனைகள். எல்லோருக்கும் எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் மட்டும் பார்த்து அனுப்பினால் அது பொது உடல்நலப் பரிசோதனை. அதுவும் நல்லதே. ஆனால் வேலை உடம்புக்கு என்ன செய்கிறது என்பதை அது சொல்லாது.

முதல் நாள் எண் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குப் பூச்சிமருந்து தெளிப்பே நல்ல சான்று. ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகள் ரத்தத்திலுள்ள கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் செயல்பாட்டைக் குறைக்கின்றன. அந்த நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். ஒருவருக்கு இயல்பாக இருக்கும் அளவு இன்னொருவருக்கு நஞ்சேறியதன் அறிகுறியாக இருக்கலாம். அதனால்தான் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், இம்மருந்துகளைத் தொடர்ந்து கையாளும் தொழிலாளியின் சொந்த அடிப்படை அளவை முதலில் குறித்துக்கொள்கிறார்கள். சிவப்பணுக்களில் அந்த அளவு அவருடைய தொடக்க அளவில் 70 விழுக்காட்டுக்கு இறங்கினால் தெளிப்பு வேலையிலிருந்து அவரை விலக்கிவிட வேண்டும். பருவத்தின் நடுவே ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் புரியாது. பாதரசம் இன்னொரு விதத்தில் இதையே உணர்த்துகிறது. உடம்பில் சேர்ந்த பாதரசம் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் பாதரச வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலத்துக்குக் கேடு நேரவில்லை என்று நிறுவனம் சொன்னது. நேர்ந்தது என்று முன்னாள் தொழிலாளர்கள் சொன்னார்கள். 591 பேரோடு சமரசம் ஏற்பட 2016 ஆகிவிட்டது. ஆலை மூடி ஆண்டுகள் கழித்து எடுக்கும் சிறுநீர்ச் சோதனையால் இப்படிப்பட்ட வழக்கைத் தீர்க்க முடியாது. வேலையில் இருந்த காலத்தில் எடுத்த எண்கள் யார் கையில் இருக்கின்றன என்பதே கேள்வி.

சட்டம் இதை உணராமல் இல்லை. தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987 திருத்தம் சேர்த்த 41சி பிரிவு, ஆபத்தான செயல்முறைகளில் ஈடுபடுவோரை வேலையில் அமர்த்தும் முன்பும், வேலையின்போதும், அந்த வேலையை விட்ட பின்பும்கூட 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில் பரிசோதிக்கச் சொன்னது. அவர்களுடைய உடல்நல ஏட்டைத் தொழிலாளி பார்க்கும்படி வைக்கவும் சொன்னது. கல்நார் ஆலைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் இன்னும் தெளிவாகப் பேசியது: வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுபெற்ற பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை உடல்நல ஏட்டைப் பாதுகாக்க வேண்டும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, ஆண்டுக்கொரு இலவசப் பரிசோதனையைப் பணியளிப்பவரின் கடமையாக்குகிறது. ஆனால் அரசின் அறிவிப்பு 40 வயதைக் கடந்தவர்களையே முன்னிறுத்துகிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அந்த வயதுக் கோடு பொருந்தலாம். இருபதாவது வயதிலேயே மூட்டை கட்டிக் கிளம்புகிறவர் நாற்பதை எட்டும்போது இருபது ஆண்டுத் தூசியைச் சுவாசித்து முடித்திருப்பார். எவ்வளவு காலம், எதன் நடுவே உழைத்தார் என்பதைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

ஏடு இல்லாமல் ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்பதை மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா பகுதிப் பழங்குடியினர் அனுபவித்துவிட்டார்கள். குஜராத்தின் கோத்ரா பக்கம் படிகக்கல் அரைக்கும் ஆலைகளுக்குப் போனவர்கள், கல்தூசியால் நுரையீரல் கெடும் சிலிகோசிஸ் நோயோடு வீடு வந்தார்கள். இந்த நோய்க்கு இருமலும் இளைப்பும் அறிகுறி என்பதால் காசநோய் மருந்து கொடுப்பது நாடெங்கும் நடக்கிற தவறு. வேலை வரலாறு கேட்கப்படாத இடத்தில் அது நடந்தே தீரும். எந்த ஆலையில் எத்தனை மாதம் இருந்தோம் என்று காட்டப் பலரிடம் ஒரு சீட்டும் இல்லை. இறந்தவர்கள் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தர, தேசிய மனித உரிமை ஆணையம் 2010-இல் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றம் அதை வழங்க உத்தரவிட்டது 2016-இல். நோய் ஒரு மாநிலத்தில் பிடித்தது, சாவு இன்னொரு மாநிலத்தில் நேர்ந்தது, பொறுப்பு இரண்டுக்கும் நடுவே கிடந்தது. கல்வராயனிலிருந்து மாநிலம் தாண்டிப் போகிறவர்களின் நிலையும் இதே அமைப்பில்தான் இருக்கிறது.

பரிசோதனை என்பதே ஆளைக் கழித்துக்கட்டும் வழி என்று தொழிலாளர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆயுள் காப்பீட்டுக் கழகம் வேலைக்கு வந்த பெண்ணிடம் மாதவிடாய்க் கணக்கையும் கர்ப்ப விவரத்தையும் படிவத்தில் கேட்டதை நீரா மாத்தூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்து, அந்தக் கேள்விகளை நீக்கச் சொல்ல வேண்டி வந்தது, ஆண்டு 1991. எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கான நிபந்தனையாக்குவதை 2017-இன் சட்டம் தடுக்கிறது. தொழில்மருத்துவ அறநெறியும் இதில் தெளிவாகவே இருக்கிறது: இந்த வேலைக்குத் தகுதி, தகுதியில்லை, இன்ன கட்டுப்பாட்டோடு தகுதி என்ற முடிவு மட்டுமே நிர்வாகத்துக்குப் போகலாம், நோயின் பெயரும் எண்களும் மருத்துவருக்கும் தொழிலாளிக்கும் நடுவே நிற்க வேண்டும். நடைமுறையில் இதைத் தலைகீழாகவே காண்கிறோம். எண்கள் நிர்வாகத்தின் அலமாரிக்கும், ஒற்றை வரி முடிவு தொழிலாளிக்கும் போகின்றன. பரிசோதனையைத் தவிர்ப்பதால் இந்த அச்சம் தீராது. நகலைக் கேட்டு வாங்கும் பழக்கம் வந்தால் தீரும்.

கனமான எதிர்வாதம் வேறொன்று. சிலிகோசிஸைக் குணப்படுத்தும் மருந்து இல்லை; கெட்ட காதும் திரும்பாது. அப்படியிருக்கத் தூசியையும் இரைச்சலையும் அடக்காமல் உடம்பை மட்டும் அளந்துகொண்டிருந்தால் யாருக்கு என்ன லாபம்? உண்மைதான், பரிசோதனை தடுப்புக்கு மாற்றாகாது. ஆனால் ஒருவரின் காது மந்தமானால் அதை அவருடைய விதி என்று சொல்லிவிடலாம். ஒரே கூடத்தில் பத்துப் பேருக்கு மந்தமானால் பழுது இயந்திரத்தில் இருக்கிறது. எண்களைச் சேர்த்துப் பார்க்கும்போது பரிசோதனை வேலைத்தலத்தையே சோதிக்கிறது. செலவைக் காரணம் காட்டும் சிறு ஒப்பந்தக்காரர்களுக்கும் பதில் உண்டு. வேலைத்தலங்களுக்கே சென்று சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜனவரியில் தொடங்கியிருக்கிறது. அதே ஏற்பாட்டை ஆலை இல்லாத மலைக்குத் திருப்பி, பருவ வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு முறை, திரும்பியதும் ஒரு முறை என்று ஊரிலேயே பார்த்துவிடலாம். மூச்சுத்திறன் கருவி ஒன்றும் பெரிய இயந்திரம் அல்ல. மலையின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதை வைக்க முடியும். சந்தேகத்துக்குரியவர்களை அனுப்பக் கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கூலியில்லா உழைப்புச் செலுத்திய மலை இது. இங்கு அரசின் ஏடுகள் எப்போதுமே பிந்தித்தான் வந்திருக்கின்றன. அதையே காரணமாக்கி இன்னும் தாமதிப்பதில் நியாயமில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே இதைத் தொடங்க ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் தைவானின் பௌ சென் குழுமம் காலணி ஆலை அமைக்க 2023 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது; முதலீடு 2,302 கோடி ரூபாய், வேலை 20,000 பேருக்கு. எந்த ஆலையின் மீதும் குற்றம் சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. காலணித் தொழில் பசையோடும் கரைப்பான்களோடும் பழகும் தொழில். பசையில் இருந்த ஹெக்சேன் கை கால்களை மரத்துப்போகச் செய்ததை ஜப்பானியச் செருப்புத் தொழிலாளர்களிடமும் இத்தாலியக் காலணித் தொழிலாளர்களிடமும் சென்ற நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மலையிலிருந்து அங்கே வேலைக்கு இறங்குகிறவர்கள் கேட்க வேண்டியவை சில. பசை டப்பாவைத் தொடும் முன்பே நரம்புப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் நடக்குமா? அந்த நேரத்துக்குக் கூலி உண்டா? எழுதுகிற மருத்துவர் தொழில்மருத்துவம் படித்தவரா? வேலையை விடும் நாளில் மறுபரிசோதனை உண்டா? கடைசியாக, எண்கள் முழுதும் அடங்கிய நகலைத் தமிழில் விளக்கிக் கையில் கொடுப்பார்களா? மறுத்தால் முறையிட வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.