ஈயத்துக்காகப் பிறந்த மின்சாரம்

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். "கரண்டு எங்க தலைக்கு மேலதான் போச்சு. வீட்டுக்குள்ள வர எத்தனையோ வருசம் ஆச்சு" என்பார். லயன் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. தோட்டத்துக்கு ஜெனரேட்டர் வந்த பிறகும் மாலையில் சில மணி நேரம்தான் வெளிச்சம்.

தலைக்கு மேல் போன அந்தக் கம்பி எங்கிருந்து வந்தது, எங்கே போனது? அந்தக் கேள்விதான் என்னைச் செண்டேரோ அணைக்கு அழைத்துச் சென்றது.

கோலகங்சாருக்கு வடக்கே, பேராக் ஆற்றின் குறுக்கே நிற்கிறது செண்டேரோ. 1930இல் இயங்கத் தொடங்கிய இது, நாட்டின் முதல் பெரிய நீர்மின் நிலையம். அதற்கு முன்பே, 1900இல் ரவூப் தங்கச் சுரங்கத்துக்காகச் செம்பாம் ஆற்றில் ஒரு சிறிய நிலையம் அமைந்திருந்தது. அங்கே தங்கம், இங்கே ஈயம். மலாயாவில் பெரிய அளவில் மின்சாரம் முதலில் தேடிப் போனது வீடுகளை அல்ல, சுரங்கங்களை.

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டும் ராட்சதக் கப்பல்களும் நீர் இறைக்கும் பம்புகளும் இரவு பகலாக ஓடிய காலம் அது. விறகையும் நிலக்கரியையும் எரித்து நீராவியில் ஓட்டுவது பெருஞ்செலவு. ஆற்றைக் கொண்டு மின்சாரம் எடுத்துக் கம்பி வழியே அனுப்பினால் மலிவு என்று கணக்குப் போட்டது பேராக் ரிவர் ஹைட்ரோ எலெக்ட்ரிக் பவர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். செண்டேரோவுக்குத் துணையாக மாலிம் நாவாரில் ஓர் அனல் மின் நிலையத்தையும் அதுவே நடத்தியது. ஆறு வற்றினாலும் சுரங்கம் நிற்கக் கூடாதல்லவா!

பாட்டியின் தலைக்கு மேல் போன கம்பியின் கதை இதுதான்.

ஒரே தண்ணீர், நான்கு வேலை

நிலையம் பின்னர் தேசிய மின்சார வாரியத்தின் கைக்கு வந்தது. 1990 முதல் தெனாகா நேஷனலின் பொறுப்பில் இருக்கிறது. அதற்குள் ஆற்றின் மேல்பகுதியும் மாறிவிட்டது. 1970களின் பிற்பகுதியில் தெமெங்கோர், 1980களில் பெர்சியா, கெனெரிங் என மூன்று அணைகள் எழுந்தன. தெமெங்கோரில் 348 மெகாவாட், பெர்சியாவில் 72, கெனெரிங்கில் 120. நான்காவதாகக் கீழே நிற்கும் செண்டேரோவின் திறன் ஏறத்தாழ 40 மெகாவாட்தான்.

சிறியதுதான், ஆனால் வீணானதல்ல. மேலே மூன்று இடங்களில் விசையாழியைச் சுழற்றிவிட்டு வரும் அதே தண்ணீர், இங்கே நான்காவது முறையாக வேலை செய்கிறது. எரிபொருள் செலவே இல்லை.

1985இல் உலக ஈய விலை சரிந்தது. கிந்தாவின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. 1938இல் கட்டப்பட்டு 1982 வரை ஓடிய ஈயக்கப்பல் ஒன்று, பத்து காஜா அருகே தஞ்சோங் துவாலாங்கில் இன்று சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சிப்பொருள். வாடிக்கையாளர் காட்சிப்பொருளாகிவிட்டார். மின்சாரம் கொடுத்தவரோ இன்னும் வேலையில் இருக்கிறார்.

எது பழசாகிறது?

நூறு வயதை நெருங்கும் அணை எப்படித் தாங்குகிறது? ஒழுங்காகக் கண்காணித்துப் பராமரித்தால் கான்கிரீட் நெடுங்காலம் நிற்கும். தேய்வது உள்ளே இருக்கும் பாகங்கள். மணல் கலந்த நீர் விசையாழியின் இதழ்களை அரிக்கும். ஜெனரேட்டரின் செப்புச் சுருள்களைச் சுற்றியுள்ள காப்புறை சூட்டில் நலிந்து போகும். மதகுக் கதவு துருப்பிடிக்கும். மிதந்து வரும் மரக்கட்டையும் நீர்ச்செடியும் நீர் நுழையும் வாயை அடைக்கும்.

அதனால் நவீனமாக்குவது என்றால் இடித்துக் கட்டுவது அல்ல. கூட்டை வைத்துக்கொண்டு உயிர்ப்பாகங்களை மாற்றுவது. புது வடிவ இதழ்களைப் பொருத்தினால் அதே தண்ணீரில் கூடுதல் மின்சாரம் கிடைக்கும். வேகத்தைச் சீராக்கும் பழைய கருவிகளின் இடத்தில் கணினிக் கட்டுப்பாடு வரும். பேராக் ஆற்று நிலையங்களைப் பெர்சியாவில் உள்ள கட்டுப்பாட்டு மையத்திலிருந்தே இயக்க முடிகிறது. இந்த நிலையங்களின் ஆயுளை நீட்டிக்கும் திட்டத்தையும் தெனாகா கையில் எடுத்திருக்கிறது.

அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. 2023இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்டவரைவில், தெனாகாவின் அணை நீர்த்தேக்கங்களில் 2,500 மெகாவாட் மிதக்கும் சூரியத் தகடுகள் அமைக்கும் யோசனை இடம்பெற்றது. பகலில் வெயில் மின்சாரம் தரும்போது தண்ணீரைச் சேமிக்கலாம். இரவில் அந்தத் தண்ணீரைத் திறந்துவிடலாம். மின்கம்பிகளும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன.

புது அணை கட்டினால் காடு மூழ்கும், குடிகள் இடம்பெயர வேண்டிவரும். தெமெங்கோர் ஏரி பெருகியபோது ஓராங் அஸ்லி மக்கள் அதைப் பட்டறிந்தார்கள். இருக்கிற அணையைப் புதுப்பித்தால் அந்த விலையை மறுபடி யாரும் கொடுக்க வேண்டியதில்லை. என்னைப் பொறுத்தவரை, இதுவே இதன் பெரிய லாபம்.

திரும்பும் வழியில் என் மகன் கேட்டான்: "இங்கிருந்து நம்ம வீட்டுக்கும் கரண்டு வருதாப்பா?"

எல்லா நிலையங்களின் மின்சாரமும் ஒரே தேசியக் கட்டமைப்பில் கலக்கிறது. அதில் செண்டேரோவின் துளியும் இருக்கிறது என்றேன். தலைக்கு மேல் போன கம்பி, ஒருவழியாகப் பாட்டி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.