சாலையோரம் அமெரிக்கா – 6: கம்பத்தோடு நின்றுவிட்ட மின்சாரம்

நியூ ஜெர்சியிலிருந்து பிட்ஸ்பர்க் பெருமாளைப் பார்க்கக் கிளம்பியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். பென் ஹில்ஸ் மலையில் 1970-களில் எழுந்த வெங்கடேஸ்வரர் கோயில் அது. ஐந்தாறு மணி நேரம் காரோட்டிப்போய் சேவித்துவிட்டு வருவது நியூ ஜெர்சித் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிப்போன விஷயம். பென்சில்வேனியா டர்ன்பைக்கில் ஏறிவிட்டால் ஒரே நேர்ச்சாலை. "நடுவுல பாக்க ஒண்ணும் இருக்காது, தூங்குங்க சித்தப்பா" என்றான், காரை ஓட்டிய அண்ணன் மகன்.

மார்கன்டவுனை நெருங்கும்போது முன்னால் ஏதோ லாரி விபத்து. வண்டிகள் அசையவில்லை. அவன் டர்ன்பைக்கை விட்டிறங்கி, மேற்கே லாங்காஸ்டர் கவுண்டிக்குப் போகும் 23-ஆம் எண் சாலையைப் பிடித்தான். சற்று நேரத்திலேயே எங்களுக்கு முன்னால் ஒரு குதிரை வண்டி. சாம்பல் நிறக் கூண்டு, பின்புறம் ஆரஞ்சு முக்கோணம், உள்ளே வைக்கோல் தொப்பியும் மீசையில்லாத தாடியுமாக ஒருவர். ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் நாட்டுக்குள் வந்துவிட்டோம் என்று தெரிந்தது.

புளூ பால், நியூ ஹாலண்ட் ஊர்களைக் கடந்து, தெற்கே 340-ஆம் எண் சாலைவரை சுற்றினோம். அமெரிக்காவின் செழிப்பான மண்களில் இதுவும் ஒன்று. அடியில் சுண்ணாம்புப் பாறை. ஆளுயரச் சோளம், கொட்டகைகளில் தலைகீழாகத் தொங்கும் புகையிலை, கோவேறு கழுதைகள் இழுக்கும் கலப்பை. எது ஆமிஷ் வீடு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. தெருக்கம்பத்திலிருந்து மின்கம்பி உள்ளே போகாது. அன்று திங்கட்கிழமை, அவர்களுக்குத் துணி துவைக்கும் நாள். திண்ணையிலிருந்து கொட்டகை உச்சிவரை கப்பி வைத்து இழுத்த கொடிகளில் நீலம், ஊதா, பச்சை, கறுப்புத் துணிகள் உலர்ந்தன. பூப்போட்ட துணி ஒன்றுகூட இல்லை.

சாலையோரம் ஒரு காய்கறிப் பந்தல். விற்க ஆளில்லை, விலை எழுதிய அட்டையும் காசுப் பெட்டியும்தான் இருந்தன. தக்காளி எடுத்துக்கொண்டு பணம் போட்டோம். கொஞ்ச தூரத்தில், ஓர் ஆமிஷ் குடும்பம் வெளியாள் ஓட்டும் வேனில் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் மகனுக்கு அது பிடிபடவில்லை. "சொந்தமா கார் வச்சுக்க மாட்டாங்களாம். ஆனா வாடகை வேன்ல போவாங்களாம். இது என்ன கணக்கு சித்தப்பா?"

கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். குழந்தைக்கு ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்தவர் தானே விரும்பிப் பெறுவதுதான் செல்லும் என்று 1525-இல் ஜூரிச்சில் ஒரு கூட்டம் கிளம்பியது. ஆயுதம் தொட மாட்டோம் என்பதும் அந்த மரபில் ஊறியது. இதற்காகப் பலர் நீரில் அமிழ்த்தியும் தீயிலிட்டும் கொல்லப்பட்டார்கள். 1693-இல் அந்த மரபு உடைந்தபோது, கட்டுப்பாடு இன்னும் கடுமையாக வேண்டும் என்று நின்றவர் ஜேக்கப் அம்மான். அவர் பெயரால் வந்ததே ஆமிஷ். எந்த மதத்தவரும் வரலாம் என்று வில்லியம் பென் கதவைத் திறந்துவைத்த பென்சில்வேனியாவுக்கு 18-ஆம் நூற்றாண்டில் இவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஐரோப்பாவில் எஞ்சியிருந்த கடைசி ஆமிஷ் சபை 1937-இல் வேறொரு சபையோடு கலந்துவிட்டது. அமெரிக்காவிலோ 1900-இல் சில ஆயிரமாக இருந்தவர்கள் இன்று சுமார் 4 லட்சம். இருபது ஆண்டுக்கொரு முறை ஏறக்குறைய இரட்டிக்கிறார்கள்.

இவர்களுக்கு மாதா கோயில் கட்டடம் கிடையாது. இருபத்தைந்து முதல் நாற்பது குடும்பங்கள் ஒரு சபை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் யாராவது ஒருவர் வீட்டில் வழிபாடு. பெஞ்சுகள் மட்டும் வண்டியில் வீடு வீடாகப் போகும். எதை ஏற்பது, எதை விலக்குவது என்று சபை கூடித்தான் முடிவெடுக்கும். பெரும்பாலும் எழுதிவைக்காத அந்தச் சட்டத்துக்கு ஓர்ட்னுங் என்று பெயர். ஒரு பொருள் நல்லதா, வசதியானதா என்பதல்ல கேள்வி. அது வீட்டுக்குள் வந்தால் பக்கத்து வீட்டானின் தயவு தேவைப்படாமல் போகுமா என்பதே கேள்வி.

கார் வாசலில் நின்றால் குடும்பம் திசைக்கொன்றாகப் பறக்கும். குதிரையைப் பூட்டினால் சபை எல்லையைத் தாண்டுவது கடினம். ஆகவே அவசரத்துக்கு வாடகை வேன் உண்டு, சொந்தக் கார் இல்லை. தொலைபேசி வீட்டுக்குள் கூடாது. வயலோரத்தில் ஒரு சிறு கொட்டகையில், பலருக்கும் பொதுவாக இருக்கலாம். ஊர்க்கம்பி மின்சாரம் வேண்டாம். தச்சுப் பட்டறை இயந்திரத்தை டீசல் எஞ்சின் தரும் காற்றழுத்தத்தில் ஓட்டலாம்.

பால் விஷயத்தில் இது அழகாகத் தெரியும். 1960-களின் கடைசியில், குளிரூட்டும் தொட்டி இல்லாவிட்டால் பால் எடுக்க மாட்டோம் என்றன பால் நிறுவனங்கள். டீசல் எஞ்சினில் தொட்டியைக் குளிர்விக்கச் சபைத் தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பால் லாரி உள்ளே வரக்கூடாது என்றார்கள். பேரம் படிந்தது.

அரசோடும் இப்படித்தான். வருமான வரி, சொத்து வரி கட்டுவார்கள். சமூகப் பாதுகாப்பு வரி மட்டும் கட்ட மாட்டார்கள்: முதியவரைப் பார்த்துக்கொள்வது எங்கள் கடமை, அதற்கு அரசின் காப்பீடு எதற்கு என்பார்கள். 1961-இல் பிட்ஸ்பர்குக்கு வடக்கே நியூ வில்மிங்டனில், வாலன்டைன் பைலர் என்ற ஆமிஷ் விவசாயி உழுதுகொண்டிருந்த வயலுக்குள் வரி அதிகாரிகள் இறங்கி, மூன்று குதிரைகளை ஓட்டிப்போய் ஏலம் விட்டார்கள். நாடே முகம் சுளித்தது. 1965-இல் சுயதொழில் செய்யும் ஆமிஷ்களுக்கு அந்த வரியிலிருந்து சட்டம் விலக்கு அளித்தது.

இந்த வாழ்க்கைக்கு விலை உண்டு. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. 1972-இல் உச்ச நீதிமன்றம் ஜோனாஸ் யோடர் வழக்கில் பெற்றோரின் மத உரிமை என்று இதை ஏற்றது. நீதிபதி டக்ளஸ் மட்டும், பிள்ளைகளிடம் யாராவது கேட்டீர்களா என்ற பொருளில் தனியாக ஒரு மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அதற்கு இன்றுவரை சரியான பதில் இல்லை. ஞானஸ்நானம் பெற்றபின் சபையை விட்டுப் போனவர், பெற்ற தாய் வீட்டுக்கு வந்தாலும் தனி மேசையில்தான் சாப்பிட வேண்டியிருக்கும். நிலமும் போதவில்லை. லாங்காஸ்டர் ஆமிஷ் குடும்பங்களில் பாதிக்கும் மேல் இன்று ஏரை விட்டுப் பட்டறைக்கும் கடைக்கும் போய்விட்டன.

ஆனால் இவர்களைப் பழங்காலத்தில் உறைந்துபோனவர்கள் என்பது சுற்றுலாக் கடைகள் விற்கும் கதை. ஒவ்வொரு புதுப்பொருளையும் வாசலில் நிறுத்தி விசாரித்து, கூடிப்பேசி அனுப்புகிறவர்கள் இவர்கள். அவர்களுடைய முடிவு நமக்கு ஒத்துவராமல் போகலாம். விசாரிக்கும் வழக்கத்தை மட்டுமாவது நாம் கற்றுக்கொள்ளலாம்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஆமிஷ் கடை எதுவும் திறந்திருக்காது. முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் சமயத்துக்கு ஆகாது. குதிரை வண்டிக்குப் பின்னால் ஹார்ன் அடிக்காமல், இடைவெளி விட்டு மெதுவாகத் தாண்டுங்கள். பெருமாள் தரிசனம் அடுத்த வாரம்.