மரண அறிவித்தலில் விடுபடும் வரி

நம்மில் பலர் காலையில் தமிழ்ப் பத்திரிகையை எடுத்ததும் முதலில் திருப்புவது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான். தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம். கிள்ளான், காப்பார், பந்திங், டிங்கில் வட்டாரத்துப் பாட்டிகளின் படங்கள் அங்கே அடிக்கடி வருகின்றன. நெற்றி நிறையத் திருநீறு, காதில் பழைய தோடு, அடையாளக் கார்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கிய படம். கீழே மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் என்று பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். நல்லுடல் எத்தனை மணிக்கு எடுக்கப்படும், எந்த மின்சுடலை என்ற விவரமும் இருக்கும். அந்த அம்மா வாழ்நாளெல்லாம் என்ன வேலை செய்தார் என்ற ஒரு வரி மட்டும் இருக்காது.

தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டி பாப்பம்மாள் 2024 செப்டம்பர் 27 அன்று காலமானபோது அந்த வரிதான் தலைப்பாக வந்தது: இயற்கை விவசாயி. நூற்றாண்டைக் கடந்தவர், மளிகைக் கடை வைத்துச் சேர்த்த காசில் நிலம் வாங்கியவர், முதுமையிலும் பவானிக் கரைத் தோட்டத்தில் இறங்கி வேலை பார்த்தவர். 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இறந்த அன்று பிரதமர் முதல் முதலமைச்சர் வரை இரங்கல் சொன்னார்கள். அந்த மரியாதை முழுக்க அவருக்கு உரியது. ஆனால் அதே கொங்குச் சீமையிலிருந்தும் தஞ்சை, சேலம், திருச்சிப் பக்கங்களிலிருந்தும் கப்பலேறி மலாயாவுக்கு வந்த குடும்பங்களின் பெண்கள், கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்ட மண்ணில் அதே அளவு வியர்வை சிந்தினார்கள். பாப்பம்மாள் பெயரில் பட்டா இருந்தது. இவர்கள் பெயர் செக்ரோல் என்ற தோட்டத்து ஆள் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சோறு பொங்கி, தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாக்கொட்டாயில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டும். கிராணி பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய பாடு போச்சு. முழுக்கைச் சட்டை, கைலி, தலைக்குக் கட்டிய துணி, நெற்றியில் விளக்கு. கொசுவுக்காக இடுப்பில் புகைந்துகொண்டே தொங்கும் துணித்திரி. இருட்டோடு தீம்பாருக்குள் நுழைந்து நானூறு, ஐந்நூறு மரத்தில் பால் வெட்ட வேண்டும். உளியைச் சாய்வாக இழுத்துப் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுவிடும், மண்டோர் வாயைக் கேட்க வேண்டியிருக்கும். ஆழம் குறைந்தால் பால் இறங்காது. தினம் தினம் ஐந்நூறு முறை அந்த அளவைக் கைக்குள்ளேயே வைத்திருந்தவர்களைப் படிக்காதவர்கள் என்று எழுதி வைத்தோம். வெயில் ஏறியதும் மங்கு மங்காகப் பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, பால் கொட்டாய்க்குச் சுமந்து வந்து நிறுக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை.

அந்தச் சம்பளத்திலும் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார்கள். 1920-களின் இறுதியில் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே மரம், அதே உளி.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தைப் படிக்கும்போது இந்தப் பெண்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆர்.எச்.நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம் என்பதும் இருந்தது. தோட்டத்துப் பெண்களிடம் அதிகாரிகள் அத்துமீறுவதை நிறுத்து என்ற கோரிக்கையும் எழுதியே வைக்கப்பட்டிருந்தது. காலனி அரசு மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. பட்டாளத்தை இறக்கிச் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த சில மாதங்களில் ஜப்பான்காரன் வந்தான். 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதைக்கு ஆண்களை லாரியில் அள்ளிக்கொண்டு போனான். திரும்பாதவர்களின் மனைவிமார் மறுநாளும் பெரட்டில் நின்றார்கள். தோட்டத்து இளம்பெண்கள் சிலர் துப்பாக்கி பிடித்து ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார்கள்.

நிலம் இவர்கள் கைக்கு வரும் என்ற நம்பிக்கை ஒரே ஒரு முறை பிறந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்குங்கள் என்று கேட்டார். சங்கம் தோட்டங்களை வாங்கவும் செய்தது. பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயர் தாங்கிய சாலையில் நாம் பூவும் முறுக்கும் வாங்குகிறோம். அந்தப் பத்து வெள்ளிக்காக எத்தனை வீடுகளில் ஒருவேளைக் குழம்பு குறைந்திருக்கும் என்பதையும் அங்கே நின்று நினைத்துப் பார்க்கலாம்.

அந்தக் கூட்டுறவின் கைக்கு எட்டாத தோட்டங்கள்தான் அதிகம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பெண்களுக்கு மருந்தடிக்கிற வேலை வந்தது. முதுகில் தோம்பைச் சுமந்துகொண்டு, கையுறையும் முகமூடியும் ஒழுங்காக இல்லாமல் பாராகுவாட் களைக்கொல்லி அடித்தார்கள். மூக்கில் ரத்தம், உதிர்ந்த நகம், எரியும் கண். ஐரின் பெர்னாண்டஸின் தெனகனித்தா அமைப்பு 2002-இல் இதை ஆய்வறிக்கையாகவே வெளியிட்டது. அந்த நச்சுக்கு முழுத் தடை வந்தது 2020-இல். அதற்குள் அடித்த கைகள் ஓய்ந்துபோயிருந்தன.

பிறகு நகரம் வந்தது. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா, யூ.எஸ்.ஜே. ஆனது. எபிங்ஹாம் தோட்டம் பண்டார் உத்தாமா ஆனது. புக்கிட் ஜாலில் தோட்டத்து நிலத்தில் 1998 காமன்வெல்த் விளையாட்டுக்கான அரங்கம் எழுந்தது. பக்கத்திலேயே மிச்சமிருந்த குடும்பங்கள் வீட்டு மனை கேட்டு ஆண்டுக் கணக்கில் போராடினார்கள். பிராங் புசார், செட்ஜ்லி, காலோவே, மேடிங்லி ஆகிய தோட்டங்கள் இருந்த இடம் இன்று புத்ராஜெயா. அங்கே பால் வெட்டியவர்களை டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். கட்டடத்தில் விரிசல் விட்டது. தனி வீடு என்ற வாக்குறுதி ஆண்டுக் கணக்கில் இழுத்தது. பிரதமர் அலுவலகம் எழுந்த மண்ணில் மங்கு கட்டியவர்கள் நான்காவது மாடி நடைவழியில் பெயின்ட் வாளியில் மண்ணைக் கொட்டிக் கறிவேப்பிலையும் பசலையும் வளர்த்தார்கள். லயத்துக்குப் பின்னால் மாடும் முருங்கையும் வைத்திருந்தவர்களுக்கு அதுதான் மிஞ்சிய விவசாயம்.

சாவு மாறியதைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு கிழவி கண்ணை மூடினால் தப்புச் சத்தம் கேட்டே லயம் முழுக்கத் தெரிந்துவிடும். ஆண்கள் குழிக்கும் பந்தலுக்கும் போவார்கள். மரண சகாய நிதியிலிருந்து பணம் வரும். பிறந்த வீட்டுக் கோடி, நீர்மாலை, பேரப்பிள்ளைகள் பிடிக்கும் நெய்ப்பந்தம் எதுவும் குறையாது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். அந்த ஒப்பாரியில்தான் அவள் கதை முழுக்க வரும்: எந்த ஊரிலிருந்து வந்தாள், எத்தனை பிள்ளையைப் புதைத்தாள், எந்த மலைக்காட்டில் எத்தனை நிரை வெட்டினாள், எந்தக் கங்காணி அவளை என்ன சொன்னான், அவள் என்ன திருப்பிச் சொன்னாள். மேடையோ புத்தகமோ கொடுக்காத வாழ்க்கை வரலாற்றை அந்த ஒரு ராத்திரி கொடுத்தது.

இன்றைக்கு அடுக்குமாடியில் பெட்டி மின்தூக்கிக்குள் நுழையாது. கீழே கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டுக் கிடத்துகிறோம். சுடலையில் கொடுத்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஓதுவார் சிவபுராணம் பாடுகிறார். அது நல்லதுதான், மனசுக்கு ஆறுதலாகவும் இருக்கிறது. ஆனால் சிவபுராணத்தில் பாட்டி வர மாட்டாள். ஒப்பாரி வைக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஒப்பாரியை நாகரிகக் குறைவு என்று நாமே ஒதுக்கினோம். அதோடு சேர்த்து அவள் வேலையைச் சொல்லும் ஒரே இடத்தையும் மூடிவிட்டோம் என்பது எனக்குப் பெரிய வருத்தம். அஸ்தி கிள்ளான் கடலில் கரைந்த பிறகு, பதினாறாம் நாள் படையலில் அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு இருக்கிறது. பேரனுக்கு அவள் வெட்டிய தோட்டத்தின் பெயர் தெரியவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பத்திரிகைக்கு விளம்பரம் கொடுக்கும்போது பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயரையும் செய்த வேலையையும் சேர்க்கச் சொல்லுங்கள். பெட்டியை எடுப்பதற்கு முன் ஐந்து நிமிஷம், மூத்த மகளோ பேத்தியோ எழுந்து நின்று அவர் வாழ்க்கையைச் சொல்லட்டும். அதற்கு வேண்டிய விவரத்தை இப்போதே, பாட்டி பசியாறிவிட்டுச் சாய்ந்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது டிவிஷன், மண்டோர் யார், கூட வெட்டியவர்கள் யார் யார், முதல் சம்பளம் எவ்வளவு, பிள்ளை பிறந்து எத்தனையாம் நாள் மறுபடி பெரட்டுக்குப் போனார். அந்தக் கடைசிக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.